வெள்ளிக்கிழமை நம்பர்

என்ன சார், டிரைவர் கர்ப்பூரம் காட்டினதும் கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வெச்சிட்டீங்க? நீங்களும் காத்து அளக்குற ஆபீஸா? இல்லையா? சைனஸா? சரி சரி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இப்பல்லாம் கர்ப்பூரத்தைப் பாத்து யாராவது மூஞ்சியைச் சுளிச்சா போதும், வயித்தெரிச்சலா இருக்கு. இந்தக் கர்ப்பூரத்தால பொண்டாட்டியே போயிட்டா சார். ஐயையோ, அந்தப் போறது இல்ல! உயிரோடதான் இருக்கா. ஆரணி பக்கத்துல தம்பி வீட்ல உக்காந்திருக்கா. கூட்டிட்டு வரத்தான் இந்த வண்டி ஏறினேன்.

நீங்களும் ஆரணி தானே? அப்ப கேளுங்க. முழுசா கேட்டுட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு தணிகாசலம். அம்பத்தூர் தாண்டி லேத் பட்டறை வெச்சிருக்கேன். கீழ முன்னாடி பட்டறை, பின்னாடி எங்க வீடு, மேல ரெண்டு மாடி வாடகைக்கு, அதுக்கு மேல மொட்டை மாடி. எங்க தெரு சங்கத்துக்கு நான்தான் தலைவர். வருஷா வருஷம் நான்தான். யாரும் போட்டி போட மாட்டாங்க, போட்டாலும் நான் விட மாட்டேன், அது வேற விஷயம்.

எங்க வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு டிரம் யார்டு. சீதாபதின்னு ஒருத்தன் நடத்துறான். பெயிண்ட் கம்பெனி, பசை கம்பெனி, தின்னர் கம்பெனி, இங்கல்லாம் இருந்து காலி டிரம் வரும். உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கிறதை ஏதோ திரவம் ஊத்திக் கழுவி மறுபடியும் விப்பான். காலையில டிரம் மூடியைத் திறந்தான்னா, தெருவே பெட்ரோல் பங்க் மாதிரி மணக்கும். எனக்கு அது ஒண்ணும் பண்ணல. பட்டறைக்காரன் மூக்கு சார், எதுவும் ஏறாது.

ரேணுகாவுக்குத்தான் ஒத்துக்கல. ரேணுகா, என் பொண்டாட்டி. முழுப்பேரு ரேணுகாம்பாள், படவேட்டு அம்மன் பேரு. நல்லா இருந்தவ, ரெண்டு வருஷமா வீசிங். அதுவும் சித்திரை வெயில் வந்துச்சின்னா கேக்கவே வேணாம். மத்தியானம் சாப்பாடு போட்டுட்டு உக்காருவா பாருங்க, அப்ப ஆரம்பிக்கும். நெஞ்சுக்குள்ள யாரோ விசில் ஊதுற மாதிரி சத்தம். ஒரு தடவை உதடெல்லாம் நீலமா போயிடுச்சி, ஆட்டோல தூக்கிப் போட்டுட்டு ஓடினேன். டாக்டர் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டார். இன்னொரு கோடை இப்படிப் போனா நுரையீரல் தாங்காது, ஒண்ணு அந்த யார்டு போகணும், இல்ல நீங்க போகணும்னாரு. நான் எங்க சார் போவேன், லேத்தை மடியில கட்டிக்கிட்டா?

சண்டைக்குப் போனேன். சீதாபதி என்னா சொல்றான் தெரியுமா? "தலைவரே, நாங்க பதினோரு மணிக்கெல்லாம் மூடியைப் போட்டு மூடிடறோம். உங்க வீட்டம்மாவுக்கு மூச்சு வாங்குறது ரெண்டு மணிக்கு மேல. எங்க வாசனை என்ன, எங்கயாவது போய் டீ குடிச்சிட்டு வந்து அவங்களைப் புடிக்குதா?" அப்படிங்குறான். திட்டிட்டு வந்துட்டேன்.

அப்புறம் தெருவே கையெழுத்துப் போட்டு மனு குடுத்து, கேஸாகி, ஒரு கமிட்டி போட்டாங்க. யார்டு லைசென்ஸைப் புதுப்பிக்கிறதா, சீல் வைக்கிறதான்னு அவங்கதான் சொல்லணும். காத்தை அளந்து பாத்துட்டுச் சொல்றோம்னுட்டாங்க. அளக்க வந்ததுதான் ஷெர்லின்னு ஒரு பொண்ணு. மார்த்தாண்டம் பக்கம் ஊரு, இங்க காலேஜ்ல இதுக்கே படிச்சிட்டு இருக்கு. ஒல்லியா, பெரிய பேக் மாட்டிக்கிட்டு. மெஷின் வைக்க எங்க மொட்டை மாடிதான் சரியான எடம்னுச்சி. வெச்சிக்கோம்மான்னேன். நம்ம வீட்டுக்கு வந்த மெஷின், வேணாம்னா சொல்லுவேன்?

ஒரு இரும்புப் பெட்டி. மாடிக்கு ஏத்தறதுக்கு முன்னாடி கீழ எங்க வீட்லயே வெச்சிக் காட்டுச்சி. தலையில கொக்கி மாதிரி வளைஞ்ச ஒரு குழாய், அது வழியா காத்தை உறிஞ்சும். முன்னாடி சின்ன திரையில ரெண்டு நம்பர். மேல இருக்கிறது ஆவி நம்பர். தின்னர், பெட்ரோல், பெயிண்ட் இதுல இருந்தெல்லாம் காத்துல கலக்குற ஆவி. கீழ இருக்கிறது ஓசோன்.

"ஓசோனா? அது நல்லதாச்சே!"ன்னேன். "வானத்துல குடை மாதிரி இருக்கு, அதுல ஓட்டை விழுந்துடுச்சின்னு உலகமே அழுதுச்சே. இங்க ஓசோன் வந்தா ஓட்டையை அடைக்கலாமில்ல?"

அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் சொல்லுச்சி. "மேல இருந்தா நல்லது அங்கிள். கீழ நம்ம மூக்குகிட்ட இருந்தா விஷம். காலைல யார்டுல இருந்து கிளம்புற ஆவியும் வண்டிப் புகையும் சேர்ந்து வெயில்ல வேகும். மத்தியானம் அதுதான் ஓசோனா மாறும். அதான் ஆன்ட்டிக்கு ரெண்டு மணிக்கு மேல மூச்சு வாங்குது."

"அப்ப போலீஸ்காரன் மாதிரின்னு சொல்லு. ஸ்டேஷன்ல இருந்தா நல்லது, வீட்டுக்கு வந்தா வம்பு"ன்னேன். ரேணுகா அப்படிச் சிரிச்சா. சிரிச்சதுல இருமல் வந்து தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சி.

சீதாபதிக்குப் பதில் கிடைச்சிடுச்சின்னு எனக்கு ஒரே குஷி. நம்பரை நான் பாத்துக்கிறேம்மா, மிலிட்டரி மாதிரி காவல் காக்குறேன்னேன். நம்பரெல்லாம் நேரா கமிட்டிக்குப் போயிடும், கோடை முடியற வரைக்கும் யாரும் எடுத்துப் பாக்க மாட்டோம், ரெண்டு பக்கமும் சந்தேகம் வரக் கூடாதுன்னுச்சி. திங்கக்கிழமை திங்கக்கிழமை வந்து மெஷினைத் துடைச்சிட்டு, ஃபில்டர் மாத்திட்டுப் போகும். அப்புறம் ஒண்ணு சொல்லுச்சி, "அங்கிள், இதுகிட்ட புகை மட்டும் ஆகவே ஆகாது."

சொல்லிட்டா போதுமே! தெருவையே ஆட்டிப் படைச்சேன் சார். குப்பை கொளுத்தக் கூடாது. அயர்ன் வண்டிக்காரனைக் கரிப்பெட்டியோட அடுத்த தெருவுக்குத் துரத்தினேன். எதிர்வீட்டுக்காரன் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க டப்பாவைத் திறந்தான், டப்பாவோட புடுங்கிட்டு வந்துட்டேன். முதல் மாடியில குடியிருக்கிறவங்களைக் கொசுவத்தி கூட வைக்க விடல. அவங்க குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்துச்சி. பரவால்ல, நல்ல காரியத்துக்குத்தானே. என் கட்டுப்பாட்டுல ஒரு ஈ கூட அந்த மெஷின்கிட்ட போகல.

என்னது? கர்ப்பூரமா? வர்றேன் இருங்க, அதுக்குத்தானே வர்றேன்.

வெச்ச முதல் வாரமே மெஷின் நின்னு போச்சி. ரேணுகா பயந்துட்டா. அந்தப் பொண்ணு ஓடி வந்து ஏதோ ஃப்யூஸை மாத்துச்சி. நான் அது போனப்புறம் யோசிச்சேன். ஏன் நின்னுச்சி? பூஜை போடல, அதான் நின்னுச்சி. என் பட்டறையில லேத், டிரில்லிங், வெல்டிங் செட்டு, எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுவித் துடைச்சி, மஞ்சள் குங்குமம் வெச்சி, எலுமிச்சம்பழம் வெச்சி, சாம்பிராணி போட்டு, கர்ப்பூரம் காட்டாம நான் வுட்டதே கிடையாது. எங்கப்பா காலத்து லேத் இன்னும் ஓடுது சார், நூலளவு கூட ஆடாம. எங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பூராவே அப்படித்தான், வெள்ளிக்கிழமை வார லீவு, பட்டறை பட்டறைக்குப் பூஜை. நம்ம மாடிக்கு வந்த மெஷினை மட்டும் அநாதை மாதிரி விட முடியுமா? அதுவும் ரேணுகா உயிரே அதுல தொங்கிட்டு இருக்கறப்ப?

அன்னைலருந்து வெள்ளிக்கிழமை தவறாம, குழாய்க்குப் பொட்டு வெச்சி, சாம்பிராணி சுத்தி, நல்லா குழாய்கிட்டயே தட்டைப் புடிச்சி கர்ப்பூரம் காட்டுவேன். அது அப்படியே உள்ள இழுத்துக்கும் பாருங்க, அம்மனே ஏத்துக்கிட்ட மாதிரி இருக்கும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும், திரையை எங்க பாக்குறது? திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள பொட்டெல்லாம் துடைச்சி எடுத்துடுவேன். மறைக்கிறதுக்கு இல்ல, சுத்தமா இருக்கணும்ல. அதுக்கப்புறம் கோடை பூரா மெஷின் ஒரு நாள் நின்னதில்ல. ஃப்யூஸ் மாத்தினதால ஓடுச்சின்னு அவங்க சொல்லட்டும். ஓடினது எப்ப? எலுமிச்சம்பழம் வெச்சப்புறம்தானே?

கோடை முடிஞ்சி கமிட்டியில நம்பரைப் பிரிச்சாங்க. அங்கதான் சார் இடி விழுந்துச்சி. யார்டு ஓடுற நாள்ல ஆவி நம்பர் அதிகம்தான். ஆனா எல்லாத்தையும் விட அதிகம் எப்பன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். மலை மாதிரி ஏறி இறங்குது. வெள்ளிக்கிழமைதான் யார்டு பூட்டிக் கிடக்கே! சீதாபதி ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்திருந்தான். அந்த இன்ஜினியர் எழுந்து, "நாங்க பூட்டிட்டுப் போன நாள்ல இவ்வளவு வருதுன்னா, வாசனை எங்களோடது இல்ல. வேற எங்கயோ இருந்து வருது. இதைப் பாக்காம விட்டுட்டு மத்த நம்பரை மட்டும் எப்படி நம்புவீங்க?"ன்னுட்டான். அடுத்த வாரம் மாடிக்கு நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்றோம்னு கமிட்டி எழுந்திருச்சிடுச்சி.

அந்தப் பொண்ணு அங்கிருந்து நேரா எங்க வீட்டுக்கு வந்துச்சி. மாடிக்கு ஏறிப் போய் மெஷினைச் சுத்திச் சுத்திப் பாத்துச்சி. கைப்பிடிச் சுவர் மேல தட்டு வைக்கிற எடத்துல கருப்பா இருந்ததை நகத்தால சுரண்டி மோந்து பாத்துச்சி.

"அங்கிள், வெள்ளிக்கிழமை இங்க கர்ப்பூரம் கொளுத்துனீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

அப்படியே தரையில உக்காந்துடுச்சி. "கர்ப்பூரமும் ஆவிதான் அங்கிள். சாம்பிராணியும் அப்படித்தான். நான் புகை ஆகாதுன்னு சொன்னேன்ல?"

"புகைன்னா குப்பைப் புகை, பீடிப் புகை. இது தீபாராதனை! உங்க கோயில்ல மெழுகுவத்தி கொளுத்துறதில்ல? அதுவா இருந்தா கேட்டிருப்பியா?"

"மெழுகுவத்தி கொளுத்தியிருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன்"னுச்சி. அப்புறம் அழாத குறையாக் கேட்டுச்சி. "ஒண்ணும் குடி முழுகல அங்கிள். கமிட்டி வர்றப்ப, வெள்ளிக்கிழமை நான்தான் கொளுத்தினேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்த நேரத்து நம்பரை மட்டும் எடுத்துடுவாங்க. மீதி எல்லாமே யார்டைத்தான் காட்டுது. நான் சொன்னா, கேஸுக்காகக் கதை விடறேம்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

எப்படி சார் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க. ஒரு ஈ கூட அண்ட விடலைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். அயர்ன்காரனைத் துரத்தினது நான். பெயிண்ட் டப்பாவைப் புடுங்கினது நான். இப்ப நாலு பேர் முன்னாடி நின்னு, புகை போட்டது நானேதான்னு சொன்னா, அடுத்த வருஷம் சங்கத்துல நாற்காலி கூட போட மாட்டானுங்க. அதை விடுங்க. அம்மன் கர்ப்பூரத்தைப் பொல்யூஷன்னு என் வாயால சொல்றதா? நாக்கு அழுகிடாது?

ரேணுகா ஒரு வாரமும் கெஞ்சினா. "சொல்லிடுங்க. அம்மன் கோவிச்சிக்க மாட்டா. எனக்கு இன்னொரு வருஷம் இந்த நெஞ்சு தாங்காதுங்க." நான், "சும்மா இரு, உனக்காகத்தான் பூஜையே போட்டேன்"னேன். உண்மைதானே? யாருக்காகப் போட்டேன்?

கமிட்டி வந்த அன்னைக்கு நல்ல உச்சி வெயில். மூணு ஆபீஸருங்க, சீதாபதி, அவன் இன்ஜினியர், ஷெர்லின், தெருக்காரங்க ஒரு கும்பல், எல்லாரும் மொட்டை மாடியில. ரேணுகாவை நான் கீழயே இருக்கச் சொல்லிட்டேன். அவ மாடிப்படி ஏறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி, டாக்டர் ஏறவே கூடாதுன்னுட்டார். பெரிய ஆபீஸர் அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டுட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க சொல்றது உண்மையா? வெள்ளிக்கிழமை நீங்க இங்க ஏதாவது கொளுத்தினீங்களா?"

தெருவே என்னைப் பாக்குது. அயர்ன்காரன் வேற முன்னாடி வந்து நிக்குறான்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்"னேன்.

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சி பாருங்க. சீதாபதி சிரிச்சிட்டான். ஆபீஸர் கிளம்பறதுக்கு எழுந்திருக்கிறார். அப்பத்தான் அந்தச் சத்தம். படியில யாரோ ஏறி வர்ற சத்தம். நாலு படி, ஒரு இழுப்பு. அந்த விசில் சத்தம்தான். எனக்குத் தெரியாதா, ராத்திரி பகலா கேக்குற சத்தமாச்சே. முதல் மாடியில நின்னா. மறுபடி ஏறினா. எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் திரும்பறாங்க. எனக்குப் பதட்டமாயிடுச்சி. நான் கொஞ்சம் சத்தமாப் பேச ஆரம்பிச்சேன். எங்க தெருவுல குப்பையே கொளுத்தறதில்ல சார், கொசுவத்தி கூட கிடையாது சார், அப்படி இப்படின்னு. பேசிக்கிட்டே இருக்கேன், சத்தம் பக்கத்துல வந்துக்கிட்டே இருக்கு. கடைசி வளைவுல ரொம்ப நேரம் நின்னா. திரும்பிப் போயிடுவான்னு நெனச்சேன். போகல.

கதவுல வந்து நின்னா சார். முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்து, ஒரு கையில பூஜைத் தட்டு. தட்டுல கர்ப்பூரம், தீப்பெட்டி. என்னமோ சொல்ல வாயைத் திறந்தா, வார்த்தை வரல, காத்துதான் வருது. மெஷின்கிட்ட போனா. தீக்குச்சியை உரசினா, அவ மூச்சுக் காத்து பட்டே அணைஞ்சிடுச்சி. இன்னொண்ணு, அதுவும் போச்சி. ஷெர்லின் ஓடிப் போய், "வேணாம் ஆன்ட்டி, புகை உங்களுக்கு ஆகாது"ன்னு தட்டைப் புடிச்சிது. அதைத் தள்ளி விட்டுட்டு கர்ப்பூரத்தைப் பத்த வெச்சா. ரெண்டு கையாலயும் தட்டைத் தூக்கி அந்தக் குழாய்கிட்ட புடிச்சா. நான் புடிப்பேனே, அதே மாதிரி.

திரையில நம்பர் ஏறுது. ரெண்டு எலக்கத்துல இருந்தது மூணாச்சி, மூணு நாலாச்சி. அந்த இன்ஜினியர் பய கண்ணாடியைக் கழட்டிக் கழட்டி மாட்டுறான். ஆபீஸர், "போதும்மா, புரிஞ்சிடுச்சி, இறக்குங்க, போதும்"னு கத்துறார். அவ இறக்கல. எரிஞ்சி முடியற வரைக்கும் புடிச்சிட்டு நின்னா, இருமிக்கிட்டே. அப்புறம் கால் மடங்கிடுச்சி.

நான் பாய்ஞ்சி போய் தட்டை வாங்கிட்டேன். அம்மன் தட்டு சார், கீழ விழலாமா? அவளை ஷெர்லின் புடிச்சிக்கிச்சி.

அப்புறமென்ன. வெள்ளிக்கிழமை சாயங்கால நம்பரையெல்லாம் தூக்கிட்டாங்க. மீதியை வெச்சிப் பாத்தா யார்டுதான். சீல் வெச்சாச்சி, சீதாபதி மூட்டையைக் கட்டிட்டான். தெருவுல எனக்கு மாலை போட்டாங்க. தலைவர் வீட்டம்மா உயிரைக் குடுத்துக் காப்பாத்திட்டாங்கன்னு மைக்ல பேசினாங்க. சில பேர் சிரிச்சாங்க, அதையும் பாத்தேன். பொறாமை.

ரேணுகா ஆஸ்பத்திரியில இருந்தா. சரியானதும் வீட்டுக்கு வரல, அங்கருந்தே தம்பி கூட ஆரணிக்குப் போயிட்டா. ரெஸ்ட் எடுக்கட்டும்னு விட்டேன். எத்தனை நாள் விடுவேன்? நேத்து ஃபோன் போட்டேன். "ரேணுகா, யார்டு மூடியாச்சி. ஷெர்லின் பொண்ணு வந்து பாத்துட்டுப் போச்சி. மத்தியானத்துல ஓசோன் நம்பர் பாதியாக் குறைஞ்சிடுச்சாம். காத்து சும்மா ஜம்முனு இருக்கு, கிளம்பி வா"ன்னேன்.

அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அன்னைக்கு நான் படி ஏறி வந்தேனே, என் மூச்சுச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"ன்னா.

"கேக்காம என்ன? நீ முதல் மாடியில நின்னப்பவே கேட்டுச்சி"ன்னேன்.

ஃபோனை வெச்சிட்டா. அப்புறம் போட்டா எடுக்கல. அவ தம்பிதான் எடுத்து, வராதீங்க மாமாங்குறான். வராம? கட்டினவன் நான் போகாம? ஆனா ஒண்ணு புரியல சார். நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? கேக்கலைன்னு பொய் சொல்லியிருக்கணுமா? பொய் பேசறது மட்டும் எனக்குப் பழக்கமே கிடையாது, அது அவளுக்கும் தெரியும்.

சொல்லுங்க சார். ஏன் அந்தப் பக்கம் பாக்குறீங்க?